பீச்சாங்கை அம்பு

முஸ்தபா பாயின் மகள் ஜாஹிராவுக்குப் பிறவியிலேயே இடது கைப் பழக்கம். உத்திரமேரூர் கடைத்தெருவில் கயிறு, கூடை, முறம் விற்கிற குடும்பத்தில் இது லேசுப்பட்ட சங்கதியா? சோற்றுத் தட்டுக்கு அந்தக் கை நீண்டால் அம்மா உம்முல் குல்சும் புறங்கையில் ஒன்று வைப்பாள். கடையில் நீண்டாலோ ஊரே வைக்கும்.

"இன்னாம்மா இது, மாட்டுக் கயித்தப் போயி பீச்சாங்கையால குடுக்கிற? மாடு வூடு தங்குமா?" என்று திருப்புலிவனத்து எல்லப்பன் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்.

"கட்டுனா தங்கும் நைனா" என்பாள் ஜாஹிரா. ஆனாலும் கை மாற்றிக் கொடுத்தால்தான் வாங்குவார் மனுஷன்.

அவள் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டுக் கடையில் உட்கார்ந்தது இரண்டாயிரத்து நாலில். அந்த வருஷம்தான் இளமதி என்று ஒரு விளையாட்டு டீச்சர் ஊருக்கு வந்தாள். புதுச்சேரிக்காரி, வில்வித்தை கற்றவள். "அவ்ளோ சின்ன புதுச்சேரியிலயே வில்லு விட ஆள் இருக்கு, இங்க இல்லாமலா போயிடும்?" என்று ஏரியோரத் தரிசில் ஞாயிறு காலையில் இடம் பிடித்துவிட்டாள். வைக்கோலைப் பிரியாக முறுக்கி, வட்டமாகச் சுருட்டிக் கட்டினால் அதுதான் குறிப்பலகை. கட்டுவதற்குக் கயிறு வாங்கக் கடைக்கு வந்தாள். கயிற்றோடு ஜாஹிராவும் கிளம்பிவிட்டாள். வைக்கோல் கொடுத்தது எல்லப்பன்தான். முதல் குறிப்பலகையை அவருடைய சிவலை மாடே மேய்ந்து தீர்த்தது. கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வில்லை எப்படிப் பிடிப்பது என்று டீச்சர் காட்டினாள். யாரும் சொல்லாமலேயே ஜாஹிரா நாணை வலது கையால்தான் இழுத்தாள். நல்ல காரியமென்றால் வலது கை என்று உடம்பிலேயே ஏறியிருந்ததே! அம்பு போகிற இடம் அம்புக்கே தெரியாது. விட்ட நாண் திரும்பி வந்து இடது கையின் உள்பக்கத்தில் பளீரென்று அடித்துச் சிவக்க வைத்ததுதான் மிச்சம்.

அடுத்த ஞாயிறு டீச்சருக்குச் சந்தேகம் வந்தது. "ரெண்டு கையையும் சேர்த்து நடுவுல ஒரு ஓட்டை விட்டு, அந்தப் பனைமரத்தைப் பாரு. இப்ப ஒவ்வொரு கண்ணா மூடு."

வலது கண்ணை மூடினாள், மரம் இருந்தது. இடது கண்ணை மூடினாள், மரத்தைக் காணோம்.

"உனக்குக் குறி பார்க்கிறது இடது கண்ணு. கையும் இடதா?"

ஜாஹிரா திருட்டு முழி முழித்தாள்.

டீச்சர் வாங்கி வந்த மர வில்லில் அம்பு உட்காரும் வெட்டு வலது கைக்காரருக்கு ஏற்றபடி இருந்தது. கூடவே சின்னப் பிள்ளைகளுக்கென்று கொண்டுவந்த மூங்கில் வில் ஒன்றும் கிடந்தது. மூங்கிலுக்கு ஏது வலதும் இடதும்? அன்றைக்கே கை மாறியது. அம்பும் வைக்கோலில் போய்த் தைத்தது. அடுத்த மாதம் ஏனாத்தூரில் மாவட்ட வில்வித்தை அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு. நாலு பேரை எடுப்பார்கள். அதில் ஒருத்தியாக வேண்டும் என்று ஜாஹிரா அன்று முடிவு கட்டினாள்.

ஆனால் அம்மாவின் கண் லேசுப்பட்டதா? சோறு போடும்போதே பிடித்துவிட்டாள்.

"ஏண்டி, போன வாரம் அந்தக் கையில இருந்த செவப்பு, இந்தக் கைக்கு எப்டி நடந்து வந்துச்சு?"

"அது வந்தும்மா... இப்ப வில்லு இந்தக் கையில கீது."

"அப்போ அம்ப எதால இழுக்கிற? பீச்சாங்கையாலயா? ஊரு பாக்கவா? வலது கையால முடிஞ்சா ஏனாத்தூருக்குப் போ. இல்லைனா கடையிலயே குந்து."

முஸ்தபா பாய் ரசத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் உம்முல் குல்சும் சொன்னால் சொன்னதுதான்.

ஞாயிற்றுக்கிழமை அவளே தரிசுக்கு வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். "எங்க, வலது கையால வுடு, பாக்கலாம்."

வேறு வழியில்லாமல் ஜாஹிரா விட்டாள். அம்பு குறிப்பலகையை எட்டியும் பார்க்காமல், வரப்பு தாண்டிச் சேற்றில் போய்க் குத்தி நின்றது. அதற்குப் பக்கத்திலிருந்து சிவலை வாலைத் தூக்கிக்கொண்டு எடுத்தது ஓட்டம். எங்கிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்! டீச்சர் விசிலை ஊதினாள். பின்னாலேயே எல்லப்பன் துண்டை வீசிக்கொண்டு ஓடி வந்தார்.

"யம்மா பாயம்மா! உனக்குப் புண்ணியமாப் போவும்! அந்தப் பொண்ண பீச்சாங்கையாலயே வுடச் சொல்லும்மா! அதுன்னா வக்கல்ல போயி குத்துது. என் மாடு பொழைக்கட்டும்!"

உம்முல் குல்சும் அவரைப் பார்த்தாள், மாட்டைப் பார்த்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு கண்ணில் தெரிந்துவிட்டது.

"சரி, வுடு. ஆனா சோத்துல அந்தக் கை பட்டுச்சு, அவ்ளோதான்."

ஏனாத்தூரில் மூங்கில் வில்லுக்குத் தனிப் போட்டி. நாலு பேரில் நாலாவது ஆளாக ஜாஹிராவை எடுத்தார்கள். நாலாவது என்றால் என்ன, உள்ளேதானே?

மறுநாள் எல்லப்பன் கடைக்கு வந்தார். அன்று மாடு ஓடி அறுத்த கயிற்றை முடிச்சுப் போட்டே ஒப்பேற்றினாராம், இப்போது அதுவும் அறுந்துவிட்டதாம். ஜாஹிரா புதுக் கயிற்றை எடுத்து இடது கையை நீட்டினாள். அவர் கை மறுபடி பின்னால் போயிற்று.

"நீதான நைனா இந்தக் கையாலயே வுடச் சொன்ன?"

"அது அம்புக்குடி. இது மாட்டுக் கயிறு. அது வேற, இது வேற."

ஜாஹிரா யோசித்தாள். எழுந்து நின்று, இரண்டு கையாலும் கயிற்றை ஏந்தி, மரியாதையாக நீட்டினாள். இதற்கு மேல் அவர் என்ன சொல்ல? முணுமுணுத்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.