வெயிலில் திருப்பிப் பார்த்த கை

போன மாதம் என் மகன் முத்துராஜ் வீட்டுக்கு வந்தான். வெளியூர் வேலையிலிருந்து அல்ல. பூட்டி வைத்த இடத்திலிருந்து.

மறைத்து எழுத எனக்குத் தெரியாது. எழுத்துக் கூட்டி எழுதுகிறவளுக்கு நிஜத்தை எழுதி முடிக்கவே பொழுது போதவில்லை. பொய்க்கு எங்கே போவது?

மில்லில் அவனுக்குத் தோள் எலும்பு முறிந்தபோது வலிக்கு ஊசி போட்டார்கள். வலி போய்விட்டது. ஊசி போகவில்லை... தானே வாங்கி, தானே போட்டுக்கொள்ள ஆரம்பித்தான். என் தம்பி சங்கரன் ஆள் கூட்டி வந்து, அவன் கையைக் கட்டி ஜீப்பில் ஏற்றினான். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி, தோப்புக்குள் போதையை மறக்கடிக்கிற ஓர் இல்லம். மருந்து கிருந்து எதுவும் கிடையாது. கதவுக்கு வெளியே பூட்டு — அதுதான் வைத்தியம்.

சில மாதம் கழித்து வந்தவன் கன்னம் உப்பி, புது மாப்பிள்ளை மாதிரி நின்றான். என் மருமகள் பேச்சியம்மா ஆரத்தி எடுத்தாள்.

ராஜபாளையத்தில் எங்கள் தெருப் பெண்கள் பாதிப் பேருக்கு பேண்டேஜ் கம்பெனியில்தான் வேலை. எனக்கும்தான். காயத்துக்குக் கட்டுகிற துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, கறை இருக்கிறதா என்று பார்த்து, சுத்தமாக இருந்தால் பாஸ் பண்ண வேண்டும். அந்தப் பழக்கம் எங்கே போகும்? அவனை வாசலுக்கு இழுத்து, இரண்டு கையையும் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். பழைய தழும்பெல்லாம் வெளுத்திருந்தது. புதிதாக ஒரு புள்ளி இல்லை.

“பாஸ், மதினி” என்றாள் பக்கத்து வீட்டு சுப்புத்தாய். எல்லோரும் சிரித்தோம். அவன் சிரித்தானா என்று யாரும் கவனிக்கவில்லை.

அதன் பிறகும் தினம் காலையில் கையைப் பார்த்தேன். சுத்தம்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் குளிக்கப் போனவன் வரவில்லை. தண்ணீர்ச் சத்தமும் இல்லை. கூப்பிட்டேன்... பதில் இல்லை. உள்ளே தாழ்ப்பாள். பேச்சியம்மா அம்மிக் குழவியைத் தூக்கி வந்து கதவை இடித்துப் பிளந்தாள். சுவரோடு சரிந்து கிடந்தான். உதடு நீலம். மூச்சு இருக்கிறதா, இல்லையா? கணுக்காலில் ஊசி குத்தியபடியே நின்றது.

கையைப் பார்த்தோம், காலை யார் பார்த்தார்கள்?

தெருமுனை எஸ்.டி.டி. பூத்காரர் போன் போட்டு ஆட்டோ வரவழைத்தார். ஆஸ்பத்திரியில் எப்படியோ பிழைக்க வைத்துவிட்டார்கள். இத்தனை நாள் எங்கே இருந்தான் என்று நர்ஸம்மா கேட்டார்கள். சொன்னேன்.

“பூட்டி வச்சா ஆசை போயிருமாம்மா? ஒடம்புதான் மருந்த மறந்திருக்கு, மனசு மறக்கல. பழைய அளவையே போட்டிருக்கான். இப்ப அது தாங்காது. இன்னும் செத்த நேரம் போயிருந்தா ஆளே இல்ல.”

சாயந்திரம் சங்கரன் அதே ஜீப்போடு வந்து நின்றான். இந்தத் தடவை அங்கேயே வருஷக்கணக்கில் பூட்டிப் போட்டுவிடுவோம் என்றான். நான் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறேனாம்.

“வருசம் முடிஞ்சா வெளிய வருவான்லடா? வந்த அன்னைக்கே பழசப் போட்டுச் செத்துப்போவான். பொணத்தையும் உன் ஜீப்புலதான் ஏத்துவியா?” என்றேன். ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். இன்னும் வீட்டுப் பக்கம் வரவில்லை.

முத்துராஜ் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். நான் யாரிடமும் கெஞ்சிப் பழகாதவள். கட்டில் ஓரம் உட்கார்ந்தேன்.

“ஏலே, நீயா வந்தா மதுரைக்கு டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போறேன். கட்டி இழுத்துட்டுப் போகமாட்டேன். அதுக்குள்ள தாங்க முடியாம போடத்தான் போறேன்னா... தாழ்ப்பாப் போட்டுக்கிட்டுப் போடாத. நான் வீட்ல இருக்கையில போடு.”

மெல்ல என் பக்கம் திரும்பினான். பிறகு, “பயமா இருக்கும்மா” என்றான்.

வீடு வந்ததிலிருந்து அவன் பேசிய முதல் பேச்சு அதுதான் என்று எனக்குப் பட்டது. மற்றதெல்லாம் எங்களுக்காகப் பேசியது.

பெற்றவள் சொல்கிற புத்தியா இது என்று நீங்கள் திட்டுவீர்கள். திட்டுங்கள். செத்தவனைத் திருத்த முடியுமா, சொல்லுங்கள்?

ஆசாரி வந்து கதவுக்குப் புதுப் பலகை அடித்தார். தாழ்ப்பாள் வேண்டாம் என்றுவிட்டேன். எப்படிக் குளிப்பது என்று பேச்சியம்மா முணுமுணுக்கிறாள். அவன் உள்ளே போய்த் தண்ணீர்ச் சத்தம் நின்றால் என் நெஞ்சும் செத்த நேரம் நிற்கிறது.

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களே... குளியலறைப் பக்கம் போனால், தயவுசெய்து இருமிவிட்டுப் போங்கள்.