ஜிக்கில் வைத்த சந்தனம்

கணவர் இறந்த பிறகு மகளைக் கல்லாவியில் தங்கை வீட்டில் விட்டுவிட்டு ஓசூருக்கு வேலைக்கு வந்தேன். காண்ட்ராக்ட் வேலை. தங்கியிருந்த அறையில் என்னையும் சேர்த்து நான்கு பெண்கள். அங்கே குழந்தையை வைத்துக்கொள்ள ஹவுஸ் ஓனர் சம்மதிக்கவில்லை. பர்மனென்ட் ஆக்கிவிட்டால் தனியாக ஒரு வீடு பிடித்து அவளை அழைத்து வந்துவிடலாம். தீபாவளிக்குப் பிறகு ஆர்டர் கொடுப்பதாகக் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். நானும் அதை நம்பி, அவளிடம் சொல்லிவிட்டேன்.

எங்கள் கம்பெனியில் தண்ணீர் மீட்டருக்கான போர்டு செய்தார்கள். அதில் சுண்டுவிரல் நகத்தளவு ஒரு சிப் இருக்கும். ஒரு சின்ன பேட்டரியை வைத்துக்கொண்டே வருடக்கணக்கில் ஓடும் சிப். வரும்போது அதற்குள் ஒன்றும் இருக்காது. போர்டை ஜிக் என்று சொல்கிற சின்ன பெட்டி போன்ற கருவியில் வைத்து மூடியை அழுத்தினால், ஜிக்கின் ஸ்பிரிங் ஊசிகள் போர்டைத் தொடும்; அந்த ஊசிகள் வழியாகத்தான் புரோகிராம் போய் சிப்பின் ஃபிளாஷ் மெமரியில் பதியும். பச்சை விளக்கு எரிந்தால் பாஸ், சிவப்பு எரிந்தால் ஃபெயில். இதுதான் என் வேலை. கேட்பவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். எனக்குப் பிடித்திருந்தது. என் கையை விட்டுப் போன பிறகுதான் அது மீட்டர், அதற்கு முன்பு வெறும் போர்டு என்று கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு முதலாளி பெங்களூரிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார். மெஷின்களுக்கெல்லாம் மாலை, வாசலில் வாழைக்கன்று, தட்டு நிறையப் பொரி. சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வொரு மெஷினாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தவர் என் மேஜை முன் நின்றார்.

"இதுல என்னம்மா பண்றீங்க?"

"புரோகிராம் ஏத்தறங்க சார். இது இல்லன்னா போர்டு வேலை செய்யாது."

"அப்போ இங்கதான் உசுரு குடுக்கறீங்கன்னு சொல்லுங்க!" என்று சிரித்தார். ஜிக்கின் மூடியைத் தானே திறந்து, ஊசிகள் நிற்கும் இடத்தில் விரல் நிறையச் சந்தனத்தை அப்பி, அதன் மேல் குங்குமமும் வைத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும்தான் தட்டினேன்.

விடுமுறை முடிந்து வந்ததும் பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் நனைத்து ஊசிகளைத் துடைக்கப் போனேன். எங்கள் சூப்பர்வைசர் ஓடி வந்து கையைப் பிடிக்காத குறை. நல்ல மனிதர், எங்களையெல்லாம் தங்கச்சி மாதிரிதான் நடத்துவார்.

"ஓனர் கையால வெச்ச பொட்டும்மா. அழிச்சன்னா எவனாவது போட்டுக் குடுத்துருவான். அதுவா காஞ்சி உதிரட்டும், உடு."

பூஜைப் பொட்டை யாரும் துணி கொண்டு துடைப்பதில்லை, அது சரிதான். லேத்துக்கும் கம்ப்ரஸருக்கும் அதனால் ஒன்றும் ஆகாது. எனக்குத்தான் போர்டுக்குப் போர்டு சிவப்பு எரிந்தது. "நல்லா அழுத்திப் புடிம்மா" என்றார் சூப்பர்வைசர். அழுத்திப் பிடித்தால் பச்சை வந்தது. சில நாளில் சந்தனம் உதிர்ந்தும் போனது, அல்லது உதிர்ந்துவிட்டதாக நாங்கள் நினைத்துக்கொண்டோம். போர்டுகள் வண்டியேறிப் போயின.

தீபாவளி முடிந்த கையோடு அவை பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. பொருத்திய இடத்தில் கொஞ்ச நாள் ஓடிவிட்டு டிஸ்ப்ளே அணைந்துவிட்டதாம். பெங்களூர் ஆபீஸிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்து ஜிக்கைக் கழற்றி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஊசிகளின் நுனியில் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது.

இது என்ன என்று கன்னடத்தில், "ஏனிது?" என்று கேட்டார். அது என்னவென்று தெரியாதவர் அங்கே யாருமில்லை. ஆளாளுக்கு வேறு பக்கம் பார்த்தோம்.

பிறகு அவரே விளக்கினார். இந்தச் சிப் கொஞ்சம் மின்சாரத்திலும் ஓடும். ஆனால் ஃபிளாஷில் எழுதும் நேரத்தில் மட்டும் அதற்கு முழு வோல்டேஜ் வேண்டும். அழுக்கு ஊசி வழியாக அது குறைவாகப் போயிருக்கிறது. எழுத்து அரைகுறையாகப் பதிந்திருக்கிறது. உடனே சரிபார்த்தால் பச்சைதான் எரியும். நாள் போகப் போகச் சிப் அதை மறந்துவிடும்.

இன்ஜினியரோடு வந்திருந்த முதலாளி எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். "ஜிக்கை தினமும் கிளீன் பண்ணணும்னு செவுத்துல ஒட்டியிருக்கில்ல? ஏம்மா பண்ணல?" என்று என்னைக் கேட்டார்.

நான் கோபத்தோடு சூப்பர்வைசரைக் கை காட்டினேன். "அண்ணன்தாங்க சார் வேணாம்னாரு. பூஜைக்கு வெச்சதுன்னு..."

"நான் அப்பிடி சொல்லவே இல்லீங்க சார்" என்றார் சூப்பர்வைசர், ஜிக்கைப் பார்த்துக்கொண்டே.

சந்தனம் வைத்தது யார் என்ற பேச்சே எழவில்லை. மத்தியானத்துக்குள் என் ஐடி கார்டை வாங்கிக்கொண்டார்கள்.

கேட் வரை சூப்பர்வைசர் பின்னாலேயே வந்தார். "தப்பா நெனச்சிக்காதம்மா. வூட்ல ரெண்டு பொண்ணு படிக்குது" என்றார். கண் கலங்கியிருந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்றுதான் இருந்தது. எனக்கும் ஒரு பெண் படிக்கிறாள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். வேகமாக ரோட்டில் இறங்கி நடந்தேன். இன்றும் அந்த ஆள் மேல் எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. முதலாளி மேல் வந்திருக்க வேண்டிய ஆத்திரமும் சேர்ந்து அவர் மேலேயே நிற்கிறது. அது நியாயமில்லை என்று தெரிந்தும் அப்படித்தான் இருக்கிறது.

அறைக்குப் போய் என் துணிமணிகளை எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரி பஸ் பிடித்தேன். ஊத்தங்கரை வழியாகக் கல்லாவி போய்ச் சேரும்போது பள்ளிக்கூடம் விட்டுவிட்டிருந்தது. வாரத்தின் நடுவில் நான் வந்து நிற்பதைப் பார்த்ததும் மகள் ஒரு கத்துக் கத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். தங்கை தண்ணீர் கொண்டுவருவதற்குள் ஒரு பெரிய பையை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். துணி, புத்தகம், செருப்பு எல்லாம் அதில் இருந்தன. எப்போதோ கட்டி வைத்துவிட்டாள் போலிருக்கிறது.

"இப்பவே பொறப்பட்டா ராத்திரிக்குள்ள போயிரலாமாம்மா?"

நான் அந்தப் பையை வாங்கிக் கீழே வைத்தேன். "நீ எங்கயும் வர வேணாம் கண்ணு. அம்மாவே இங்க வந்துட்டன்" என்றேன்.

சந்தோஷப்படுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் என் கழுத்தைப் பார்த்தாள். எப்போது வந்தாலும் தொங்கும் கம்பெனி கார்டு இல்லாத வெறுங்கழுத்து.

"அப்ப வேலைம்மா?" என்றாள்.