நான்கு தையல் கூடும் இடம்

கல்யாணமாகிப் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புக்கு வந்த புதிதில், என் கணவர் பந்து விளையாடுவதைப் பார்க்கத் திடலுக்குப் போனேன். ஆட்டம் எனக்குப் புரியவில்லை. ஆனால் அவர் ஓடுவதும், நின்று கால்சட்டையை இழுத்துவிடுவதும், மறுபடி ஓடுவதுமாக இருந்தது நன்றாகத் தெரிந்தது. வீட்டுக்குக் காலை அகட்டி வைத்தே நடந்து வந்தார்.

“அந்தச் சிலுவாரைக் குடுங்க, பாக்கலாம்” என்றேன்.

கால்சட்டையை உட்புறம் வெளியே வரப் புரட்டினேன். கவட்டில் நான்கு தையல்களும் ஒரே இடத்தில் கூடி, கயிறு போலத் தடித்திருந்தன. தொடை உரசுவதும் சரியாக அங்கேதான். அதைப் பிரித்து, நடுவில் ஒரு சாய்சதுரத் துண்டு வைத்தேன். உள்தொடைத் தையலைக் கொஞ்சம் முன்பக்கம் தள்ளி, மடிப்பைத் தட்டையாக அமுக்கித் தைத்தேன்.

“ஒட்டுப்போட்ட சிலுவாரா? பசங்க சிரிப்பானுங்க.”

“போட்டு ஓடிப் பாத்துட்டுச் சொல்லுங்க.”

அறைக்குள்ளேயே காலைத் தூக்கி உதைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. கிள்ளானில் நடந்த அடுத்த ஆட்டத்தில் அவர் கை ஒரு தடவைகூடக் கால்சட்டைப் பக்கம் போகவில்லை. கோல் ஒன்றும் போட்டார்.

மறுநாள் மாலை, துவைத்து மடித்த கால்சட்டையோடு கோல்கீப்பர் எங்கள் வாசலில் நின்றார்.

“அண்ணி, அண்ணனுக்குத் தச்ச மாதிரியே எனக்கும் தச்சுக் குடுங்க.”

அவருக்குப் பின்னால் பாதி அணியே நின்றது. நான் சிரிப்பை அடக்க முடியாமல் கத்தரியைத் தேடினேன். என் கணவர் எல்லோருக்கும் தேத்தண்ணி கலக்கப் போனார்.