தராசும் அவர் கிண்ணமும்

அந்த ஆய்வகத்தில் அவருக்குத் தராசு என்று பேர். வைத்தவர்கள் கிண்டலுக்குத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். அடுத்தவர் வேலையில் சொத்தை கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அங்கேயே வேலை பார்க்கும் தங்கை கணவரையும் அவர் விட்டுவைக்கவில்லை. விருந்துக்குப் போன இடத்தில், சோற்றைப் பிசைந்தபடியே, "மாப்ள, உங்க எஞ்சின் ஒரு கொசுவயாவது தள்ளுமா?" என்று கேட்பார்.

மாப்பிள்ளை செய்வது செயற்கைக்கோளை நகர்த்தும் குட்டி உந்துவி. ஊசிமுனையில் இருக்கும் திரவ உப்புக்கு உயர் மின்னழுத்தம் கொடுத்தால், அது மின்னேறிய துகள்களாகப் பீய்ச்சி அடிக்கும். அந்த உதைப்பில் செயற்கைக்கோள் நகரும். கிளம்பிய துகள்களில் எவ்வளவு நேராகப் போய்ச் சேருகிறது என்று அளப்பது தராசின் வேலை. காற்றை உறிஞ்சிய கலத்துக்குள், ஊசிக்கு எதிரே, அவருடைய உலோகக் கிண்ணம். அதில் விழும் மின்னோட்டத்தை மீட்டர் காட்டும். அந்தக் கிண்ணத்தை வேறு யாராவது தொட்டால் அன்றைக்கு ரகளைதான்.

ஒரே ஒரு விநோதம். ஊசியிலிருந்து கிளம்பியதைவிடக் கிண்ணத்தில் விழுந்தது எப்போதும் அதிகமாக இருந்தது. மாப்பிள்ளை ஒருமுறை தயங்கித் தயங்கிக் கேட்டுப் பார்த்தார். "ஊசிப் பக்கம் இருக்குற உங்க மீட்டர்தான் பொய் சொல்லுது. நான் அளந்தா அளந்ததுதான்" என்று பதில் வந்ததும் வாயை மூடிக்கொண்டார்.

உந்துவியைத் தேர்ந்தெடுக்கக் குழு வரும் வாரம் வந்தது. இந்த முறை தேறாவிட்டால் பிரிவையே மூடிவிடுவார்கள், மாப்பிள்ளைக்கு வேலை போகும். கடைசி அளவுக்கு முன் கிண்ணத்தைத் துடைக்கக் கலத்தைத் திறந்த தராசுக்கு முகம் வெளிறிப்போனது. கிண்ணத்தின் வாயில் ஒரு வலை உண்டு. துகள் மோதும் வேகத்தில் உலோகத்திலிருந்து எலக்ட்ரான்கள் தெறித்து வெளியே ஓடும். ஓடியதையும் மீட்டர் வரவாக எண்ணிக்கொள்ளும். அவற்றை உள்ளேயே விரட்டத்தான் வலைக்கு மின்னழுத்தம் கொடுப்பது. அந்த வலையின் ஒயர் எதிலும் மாட்டாமல் அனாதையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மாட்ட மறந்தவர் அவரேதான், கிண்ணத்தைப் பொருத்திய அன்றைக்கே. இத்தனை வருட அளவுகளும் ஊதிப் பெருத்தவை.

அங்குமிங்கும் பார்த்தார். யாருமில்லை. ஒயரை மாட்டினார், அளந்தார், முதல்முறையாகச் சரியான எண்ணைக் கொடுத்தார். தப்பைத் திருத்திவிட்டோம் என்று அவருக்குத் திருப்தி வேறு. பெரிய மனசுதான்!

குழு வருவதற்கு முந்தின மாலை தங்கை வீட்டுக்குப் போனார். மாப்பிள்ளை தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"கால்வாசி துகள் வழியிலயே வீணாப் போகுது மச்சான். போன மாசம் வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. நாளைக்கு இந்தக் கணக்கத்தான் காட்டணும்."

"என்ன கால்வாசி? நான் குடுத்த கணக்குப்படி கிளம்புனது எல்லாமே போய்ச் சேருதே!"

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். தங்கைதான் போட்டு உடைத்தாள்.

"நீ என்ன குடுத்தாலும் அதுல கால்வாசியக் கழிச்சுட்டுத்தான் எல்லாரும் எழுதுறாங்களாம் அண்ணா. புதுசா சேர்றவங்களுக்கு மொதல்ல இதத்தான் சொல்லிக் குடுப்பாங்களாம். உங்கிட்டச் சொன்னா நீ கேப்பியா?"

தராசுக்குக் காது சுட்டது. இத்தனை வருஷமாக முதுகுக்குப் பின்னால் சிரித்திருக்கிறார்கள். ஆனாலும், ஒயரை மாட்டிவிட்டேன், இனிமேல் கழிக்காதீர்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மாப்பிள்ளை பிழைத்துக்கொள்வார். வார்த்தை தொண்டை வரை வந்தது. கூடவே நாளைக்குக் கேன்டீனில் எழப்போகும் சிரிப்பும் கேட்டது.

"ஊசிமுனைய ஒரு தடவ நல்லாப் பாருங்க மாப்ள. கோளாறு அங்கதான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

"ஆமா மச்சான், என் தப்பாத்தான் இருக்கும்" என்றபடி மாப்பிள்ளை வாசல்வரை வந்து வழியனுப்பினார்.