ஏறவும் இறங்கவும் ஒரே கயிறு

பனி உறைந்த நாட்களில் ஒலீட்டா வீட்டுக் கல்படிகளில் ஏறத் தபால்காரர் டெல்மருக்குக் கால் ஒத்துழைக்காது. ஒருநாள் காலை படி நெடுகக் கைப்பிடியாக ஒரு கயிறு கட்டியிருந்தது. கட்டியவள் ஒலீட்டாதான். அவர் அதைப் பிடித்து ஏறினார்.

கென்டக்கி மலைச்சரிவில் இருந்த அந்த வீட்டில் ஒலீட்டாவும் அவள் தம்பி ஹோபர்ட்டும் மட்டும்தான். ஹோபர்ட்டுக்கு உடம்பு வளர்ந்த அளவுக்கு மனசு வளரவில்லை. யாராவது குரலை உயர்த்தினால் எதற்கும் "ஆமா" என்றுவிடுவான்.

அந்த வருஷம் கீழே ஒரு கொட்டகை எரிந்தது. இரண்டு போலீஸ்காரர்கள் வந்து கதவைத் தட்டினார்கள். டெல்மர் பின்னாலேயே தபாலோடு ஏறிக்கொண்டிருந்தார்.

"ஹோபர்ட்கிட்ட ரெண்டு வார்த்தை பேசணும்மா."

"வாரண்ட் இருக்கா?"

"சும்மா பேச்சுதானே."

"சும்மா பேச எனக்கு நேரமில்ல தம்பி. அடுப்புல சோளரொட்டி கருகுது. போயிட்டு வாங்க."

கதவைச் சாத்தினாள். அவர்கள் இறங்கவில்லை, வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார்கள். அங்கே ஹோபர்ட் பீன்ஸுக்கு நார் எடுத்துக்கொண்டிருந்தான். ஒலீட்டா ஓடி வருவதற்குள், தீ வைத்தது நீதானே என்ற அதட்டலுக்கு அவன் வாயிலிருந்து "ஆமா" வந்துவிட்டது. கையோடு கூட்டிப்போனார்கள். வழக்கில் அந்த ஒரு சொல்லைத் தவிர வேறு சாட்சியம் கிடையாது.

கோர்ட்டில், கூண்டில் நின்ற ஒலீட்டாவைக் கேட்க அரசு வக்கீல் எழுந்தார். "இந்த மலையில எல்லாரும் பின்வாசல் வழியாத்தானே வர்றாங்க?"

"என் சோத்தத் தின்னவங்க வருவாங்க. நீங்க என்னைக்கு ஐயா எங்க வீட்டுல சாப்பிட்டீங்க?"

கூடம் சிரித்தது. வக்கீலுக்கு முகம் சிவந்தது.

"வர்றவங்களுக்காகத்தானே முன்னால கயிறு கட்டியிருக்கீங்க?"

"ஆமா. யாரும் வரலாம், தட்டலாம். இல்லன்னு சொன்னா அதே கயித்தப் பிடிச்சு இறங்கணும். பைபிள்ல ஆண்டவரே கதவத் தட்டிட்டு வெளியதான் நிக்கிறாரு. இவங்க அவருக்கும் மேலயா?"

அடுத்து டெல்மர் கூண்டில் ஏறினார். அந்தப் போலீஸ்காரர்கள் முறைத்தார்கள். நாளைக்கும் அவர்கள் காவல் இருக்கும் சாலையில்தான் அவர் போகவேண்டும். கர்த்தரை நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

"மழையானாலும் பனியானாலும் முன்வாசலோட சரி. பின்னால நான் போனதில்ல. அந்த வீட்டம்மா கூப்பிடல."

வீட்டை ஒட்டிய முற்றமும் வீடுதான், முடியாது என்ற பிறகு வாரண்ட் இல்லாமல் அங்கே நுழைந்து வாங்கிய பதில் செல்லாது என்றார் நீதிபதி. ஹோபர்ட் வீடு திரும்பினான்.

ஒலீட்டா படுக்கையில் விழுந்த மாரிக்காலம். டெல்மர் வழக்கம்போல முன்வாசலில் தபாலை வைத்துவிட்டு, ஜன்னல் வழியாக விடைபெற்றார். அவள் தலையைத் தூக்கினாள்.

"டெல்மர், நாளையிலிருந்து நீ பின்வாசலா வா. கயித்த மட்டும் யாரும் அவுத்துடாதீங்க. மத்தவனுக்கு ஏறவும் அதுதான், இறங்கவும் அதுதான்."