பெறுபவரிடம் கேட்கும் கேள்வி

சண்டை நின்று ஏ-ஒன்பது பாதை திறந்திருந்த ஆண்டுகளில் நான் கிளிநொச்சியில் ஒரு கடையில் வேலை செய்தேன். சாமான்களைச் சைக்கிளில் கொண்டுபோய் வீடுகளில் கொடுப்பதுதான் வேலை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவன் நான். அப்போது நாற்பது வயது தாண்டியிருந்தது. ஆட்களின் முகம் பார்த்துக் கதைக்க வராது. படலையில் நின்று மணியை அடிப்பேன், சாமானைக் கொடுப்பேன், திரும்பிவிடுவேன்.

கடை முதலாளி லண்டனில் இருந்த ஒரு சிறிய கம்பனியோடு சேர்ந்துகொண்டார். வெளிநாட்டில் இருப்பவர்கள் அந்தக் கம்பனியின் இணையத்தளத்தில் சாமானைத் தெரிவுசெய்து அங்கேயே காசைக் கட்டுவார்கள். நாங்கள் அதை இங்கே எடுத்து அவர்களுடைய உறவினரிடம் சேர்ப்போம். கடையின் பின்னறையில் கொம்பியூட்டர் இருந்தது. அதன் முன்னால் முதலாளியின் தங்கை இருப்பார். முன்பு பாலர் பள்ளியில் படிப்பித்ததால் எல்லோருக்கும் அவர் ரீச்சர்.

ரீச்சரின் வாயிலிருந்து தினமும் புதுச் சொல் ஒன்று வந்தது. ஓடர், பெண்டிங், டெலிவரி, ரிட்டேன். அர்த்தம் கேட்க எனக்கு வெட்கம். வேலையிலிருந்தே பிடித்துக்கொண்டேன். ரீச்சர் பெயரும் முகவரியும் எழுதிய துண்டு மேசையில் கிடந்தால் ஓடர். என் சட்டைப் பைக்குள் இருக்கும்வரை பெண்டிங். ஒருநாள் ரீச்சர், "இண்டைக்கும் ஒராள் கூடை நிறையச் சாமான் போட்டிட்டு வாங்காமல் போட்டார்" என்றார். "அப்ப அதையெல்லாம் ஆர் எடுத்துத் திரும்ப அடுக்கிறது, ரீச்சர்?" என்று கேட்டுவிட்டேன். அந்தக் கூடை கொம்பியூட்டருக்குள் மட்டும் இருப்பது என்று எனக்குத் தெரியாது; அவர் சிரித்த சிரிப்பு முன் கடைவரை கேட்டது.

ஆனால் ஒரு விடயம் ரீச்சரைவிட எனக்குத் தெரிந்திருந்தது. அது முகவரி. வெளிநாட்டில் இருப்பவர் இணையத்தளத்தின் முகவரிப் பெட்டியில் தனக்கு மனப்பாடமான முகவரியைத்தான் அடிப்பார். அது அவர் விட்டுப்போன வீடு. நான் போய்ப் பார்த்தால் ஒரு கிணறும் இரண்டு முருங்கையும் நிற்கும். வீடு இராது, ஆட்களும் இரார்கள். அவர்கள் நாலைந்து இடம் பெயர்ந்து எங்கேயோ இருப்பார்கள். நான் வீடு தேடுவதில்லை, கூட்டுறவுச் சங்கக்கடையைத் தேடுவேன். எந்தக் குடும்பமும் அங்கே நிவாரண அரிசிக்குப் பதிந்திருக்கும். மனேச்சரிடம் குடும்பத் தலைவரின் பெயரைச் சொன்னால், நிவாரணக் கார்ட் எந்தச் சங்கத்துக்கு மாறியது என்று கொப்பியைப் புரட்டிச் சொல்வார். அங்கே போனால் அடுத்த சங்கம். இப்படித்தான் என் சாமான்கள் எல்லாம் போய்ச் சேர்ந்தன. என் கையால் ஒரு சாமானும் ரிட்டேன் ஆகவில்லை.

ஒருமுறை நோர்வேயில் இருந்த ஒருவர் தன் அக்காவுக்குத் தையல் மிசின் அனுப்பினார். கையால் சுற்றும் மிசின். முகவரி பரந்தன், கெமிக்கல் ஃபக்டரிக்குப் பக்கம். அங்கே ஆளில்லை. மூன்று சங்கக்கடை ஏறி இறங்கி, கடைசியில் விசுவமடுவில் ஒரு தகரக் கொட்டிலில் அவரைக் கண்டுபிடித்தேன். மிசினைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கியது. பற்றுத்துண்டை நீட்டியதும் முகம் மாறியது.

"கையெழுத்து மட்டும் கேளாதேங்கோ தம்பி. நான் ஒரு பேப்பரிலும் வைக்கமாட்டன்."

"இது சும்மா துண்டு, அக்கா."

"எல்லாப் பேப்பரும் முதல்லை சும்மா பேப்பர்தான். வேணுமெண்டால் மிசினைத் திரும்பக் கொண்டுபோங்கோ."

பேப்பர் நாளைக்கு யார் கையில் போய்ச் சேருமோ என்று, அந்தக் காலத்தில் பெயர் எழுதிக் கையெழுத்து வைக்கப் பயந்தவர்கள் பலர். எனக்கு அது விளங்கும். மிசினைக் கொடுத்துவிட்டு, துண்டில் "விசுவமடுவில் கொடுத்தது" என்று உண்மையை எழுதிக்கொண்டு வந்தேன். ரீச்சர் அப்படியே லண்டனுக்கு அடித்தார்.

மூன்றாம் நாள் ஈமெயில் வந்தது. ரீச்சர் வாசித்தார். நோர்வேக்காரர் எழுதியிருந்தார்: அக்கா இருப்பது பரந்தனில், நீங்கள் விசுவமடுவில் யாருக்குக் கொடுத்தீர்கள், கையெழுத்து எங்கே? கம்பனியும் கீழே ஒரு வரி சேர்த்திருந்தது. சனிக்கிழமைக்குள் அத்தாட்சி வராவிட்டால் கிளிநொச்சி ஓடர்களை வேறு கடைக்குக் கொடுத்துவிடுவோம்.

முதலாளி என்னைப் பார்த்தார்.

"மிசின் எங்கையடாப்பா?"

"அக்காட்டைக் குடுத்தனான்."

"அவதான் எண்டு உனக்கு எப்பிடித் தெரியும்? நீதான் ஆரின்ர முகத்தையும் பாக்கிறேல்லையே!"

பக்கத்தில் அரிசி வாங்க நின்ற ஒருவர், "ஆருக்கும் தெரியாமல் வித்திருப்பார் போல" என்று சிரித்தார். பகிடிதான். ஆனால் அந்தப் பகிடி பின்னேரத்துக்குள் சந்தைவரை போகும் என்று எனக்குத் தெரியும். காது சுட்டது. சைக்கிளை எடுத்தேன்.

விசுவமடுவுக்கு மறுபடி போய்ச் சேர்ந்தபோது அந்த அக்கா சட்டை ஒன்று தைத்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரு பெண்ணோடு அவ்வளவு நேரம் நான் கதைத்தது அன்றுதான்.

"கையெழுத்து வேண்டாம், அக்கா. உங்கட தம்பிக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிஞ்ச ஒண்டைச் சொல்லுங்கோ. நான் கொண்டுபோய்ச் சொல்லுறன்."

அவர் கைபிடியைச் சுற்றுவதை நிறுத்தினார்.

"அவன் ஏழு வயசிலை அம்மாவின்ர மிசினிலை விரலைக் குடுத்துத் தைச்சவன். இடக்கைப் பெருவிரல். அம்மாட்டைச் சொல்லாதை எண்டு என்ர பாவாடையிலை ரத்தத்தைத் துடைச்சவன். அடி எனக்குத்தான் விழுந்தது. அதைச் சொல்லுங்கோ. அந்த அடியை அவனுக்கு நான் இன்னும் வைச்சிருக்கிறன் எண்டும் சொல்லுங்கோ."

திரும்பும் வழி முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், ஒரு சொல்லும் விழக்கூடாது என்று. ரீச்சர் அடிக்க, நான் பக்கத்தில் நின்று சொன்னேன். "இடக்கை, ரீச்சர். பெருவிரல். அடியை விட்டிடாதேங்கோ."

அடுத்தநாள் காலை பதில் வந்திருந்தது. ரீச்சர் முன் கடைக்கு வந்து, ஆட்கள் நிற்க, உரத்து வாசித்தார். "அது என் அக்காதான். கொண்டுபோனவரைச் சந்தேகித்ததற்கு மன்னிக்க வேண்டும். அவர் தேடிப் போயிராவிட்டால் அக்கா எங்கே இருக்கிறா என்றே எனக்குத் தெரிந்திராது." முதலாளி உள்ளே போய் ஒரு சோடாவை உடைத்துக்கொண்டுவந்து என் கையில் தந்தார். அந்தக் கடையில் அவர் யாருக்கும் சும்மா சோடா கொடுத்து நான் கண்டதில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வேன். இரண்டு கிழமை கழித்து ரீச்சர் என்னைப் பின்னறைக்குக் கூப்பிட்டார். முகவரிப் பெட்டிக்குக் கீழே லண்டன்காரர் புதிதாக ஒரு பெட்டி போட்டிருந்தார்கள். "பெறுபவருக்கு மட்டும் விடை தெரிந்த ஒரு கேள்வியை விடையோடு எழுதுங்கள்." உலகத்தின் எந்த மூலையில் இருந்து கிளிநொச்சிக்கு ஓடர் போட்டாலும் அந்தப் பெட்டியை நிரப்பித்தான் ஆகவேண்டும்.

"பாத்தியளே? இது உங்கட சைக்கிளிலை இருந்து போனது" என்றார் ரீச்சர். நான் நிலத்தைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே சிரித்தேன்.

அதோடு என் வேலையும் மாறியது. இனிப் படலையில் மணி அடித்துவிட்டு ஓட முடியாது. முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டும். முதல் கேள்வி அக்கராயனில் ஒரு கமக்காரருக்கு வந்தது. கனடாவிலிருந்து மகள் சுவர் மணிக்கூடு அனுப்பியிருந்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு துண்டைப் பார்த்து வாசித்தேன்.

"ஐயா, உங்கட கலியாணத்திலை மயங்கி விழுந்தது ஆர்?"

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னை முறைத்தார். "இதைக் கேக்கவோ உன்னை இவ்வளவு தூரம் அனுப்பினவை?"

"சொன்னால்தான் தரலாம், ஐயா."

"எனக்கு ஞாபகமில்லை."

குசினிக்குள் இருந்து அவருடைய மனைவியின் குரல் வந்தது. "வேற ஆர், இவர்தான்! தாலியையும் கையிலை வைச்சுக்கொண்டு விழுந்தவர்!"

"சரியான விடை" என்று நான் சொன்னேன். நிமிர்ந்து, அவர் முகத்தை நேராகப் பார்த்துத்தான் சொன்னேன்.