அலமாரிக்குள் வாசித்தவரின் ஆல்பம்

“இதை வாசிக்கிற ஆளு தனியா இருக்கறவரா, கூட யாராவது இருக்காங்களா? சொல்லு பார்ப்போம்.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் சித்தி இப்படிக் கேட்டாள். ஸ்பீக்கரில் ஒரு சாக்ஸபோன் ஓடிக்கொண்டிருந்தது.

“பாட்டைக் கேட்டா வீட்டு விஷயமெல்லாம் தெரிஞ்சுடுமா? என்ன சித்தி, ஜோசியம் பார்க்கறியா?”

“மூச்சு விடற இடத்தைக் கவனிடி. அவசரமே இல்ல. பக்கத்து ரூம்ல யாரோ கேட்டுட்டிருக்காங்க. அவங்களுக்குப் பிடிக்கும்னு இவருக்குத் தெரியும். அதான் இப்படி வருது.”

நான் பள்ளியை முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று கேட்கும் அப்பாவின் கண்ணில் படாமல் சித்தி வீட்டிலேயே கிடந்த நாட்கள் அவை.

சித்தி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். டோக்கன் கொடுப்பாள், போன் எடுப்பாள், அழுகிற குழந்தைக்கு வேடிக்கை காட்டுவாள். உள்ளே டாக்டர் டிரில்லைப் போட்டதும் வெளியே காத்திருப்பவர்களின் முகம் சுருங்கும். அந்தச் சத்தத்தை மறைக்கத்தான் அவள் முதலில் பாட்டுப் போட ஆரம்பித்தாள். பியானோவை டிரில் துளைத்துக்கொண்டு வந்துவிடும். தணிந்த குரலில் சாக்ஸபோன் போட்டால் கொஞ்சம் அடங்கும். ஸ்மூத் ஜாஸ் என்கிறார்களே, அந்த மெத்தென்ற இசைக்குள் அவள் இப்படித்தான் போனாள். நாள் முழுக்கக் கேட்டால் எது நல்லது, எது சொத்தை என்று தானாகத் தெரிந்துவிடும் என்பாள். ஓர் இணைய இதழ் ஏதோ ஆல்பத்தைத் தலையில் வைத்துக் கொண்டாட, இவள் அதன் கீழே கமெண்ட்டில் போய் நீளமாகச் சண்டை போட்டாள். “அப்போ நீங்களே எழுதுங்களேன்” என்று அதன் ஆசிரியர் கேட்டார். அன்றிலிருந்து ‘வெயிட்டிங் ரூம்’ என்ற புனைபெயரில் விமர்சனம் எழுதுகிறாள்.

அப்பா வந்தால் சும்மா இருக்க மாட்டார். “என்ன, பல்லாஸ்பத்திரிப் பாட்டுக்கு மார்க் போட்டாச்சா?”

“உங்க குறட்டைக்குத்தான் மாமா இன்னும் போடல. தாளமே நிக்க மாட்டேங்குது.”

அவளாக வைத்த விதி ஒன்று உண்டு. ஆல்பத்தை அனுப்பும்போது வாசித்தவர் பெயர், படம் எதுவும் இருக்கக் கூடாது. எழுதி அனுப்பிய பிறகுதான் ஆசிரியர் அட்டைப் படத்தைக் காட்ட வேண்டும். பெயரைப் பார்த்தால் காது பொய் சொல்லும் என்பது அவள் கட்சி.

சித்தப்பாவும் சாக்ஸபோன் வாசிப்பவர்தான். அவர்கள் இருந்த வீட்டில், சித்தி இன்றும் இருக்கும் அதே வீட்டில், சுவர் அப்பளம் போல. அவர் ஒரு சுரம் ஊதினால் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவார். அதனால் துணி அலமாரிக்குள் தடித்த கம்பளிகளைத் தொங்கவிட்டு, தலையையும் வாத்தியத்தையும் உள்ளே நுழைத்துக்கொண்டு பயிற்சி செய்வார். வெளியே முதுகு மட்டும் தெரியும். அவர் வேலை பார்த்த ஓட்டலிலோ, சாப்பிடுகிறவர்களின் பேச்சு அமுங்கக் கூடாது என்று உத்தரவு. ஆக, கட்டிய மனைவியே அவருடைய முழுச் சத்தத்தை ஒருநாளும் கேட்டதில்லை.

“கம்பளிக்குள்ள யாரோ முனகற மாதிரி இருக்கும். அதுக்கே நான் அடுப்பை மறந்துடுவேன்” என்று ஒருமுறை சொன்னாள்.

வேறொரு ஊரில் பெரிய ஓட்டல் கூப்பிட்டது. ஒரு சீசன் வாசித்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று போனார். சண்டை எதுவும் இல்லை. போன் குறைந்தது, பிறகு நின்றது. அவரைப் பார்த்துவிட்டு வந்த பழைய ஓட்டல் டிரம்ஸ்காரர், ஒற்றை அறையில் தனியாக இருக்கிறார் என்று சொன்னார். அந்த ஒரு வார்த்தையைச் சித்தி கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“தனியாத்தானே இருக்காரு? வந்துடுவாரு. வேற எங்க போவாரு?”

கம்பளிகள் அப்படியே தொங்கின. அவள் துணிகள் கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டியில் கசங்கின. “அந்த அலமாரியைக் காலி பண்ணேன்டி, பார்க்கவே வயிறு எரியுது” என்று அம்மா கத்துவாள். “வந்தா எங்க வாசிப்பாரு அக்கா?” என்று சித்தி திருப்பிக் கேட்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆல்பத்தை வேலை செய்துகொண்டே ஒருமுறையும், கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறையும் கேட்டுவிட்டு எழுத உட்கார்ந்தாள். மூன்றாவது பாட்டில் கீபோர்டு இருமல் மருந்து மாதிரித் தித்திக்கிறது என்று எழுதினாள். பாஸ் கிடார்காரர் அதிகம் பேசாத நல்ல நண்பர் என்று எழுதினாள். கடைசியில்: ‘இந்த சாக்ஸபோன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசிக்கப்பட்டது. இவர் யாரையும் பிரிந்து தவிக்கவில்லை. பக்கத்து அறையில் இவருக்காக ஒருவர் இருக்கிறார். அதை ஒவ்வொரு மூச்சிலும் கேட்க முடிகிறது.’

அனுப்பினாள். சற்று நேரத்தில் அட்டைப் படம் வந்தது.

தலை நரைத்திருந்தது. கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது. ஆனால் சித்தப்பாதான்.

சித்தி எழுந்து போய் அடுப்பில் தண்ணீர் வைத்தாள். அது கொதித்து வற்றும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். நான்தான் அணைத்தேன்.

“சித்தி, அந்தக் கடைசி வரியை எடுத்துடச் சொல்லலாம். இன்னும் போட்டிருக்க மாட்டாங்க.”

“எதுக்கு?”

“தப்பாக்கூட இருக்கலாம்ல? நீ என்ன நேர்லயா பார்த்தே?”

“கேட்டேனே. ஆளு யாருன்னு தெரிஞ்சதும் காதை மாத்திக்கணும்னா, நான் எதுக்குடி எழுதறேன்?” என்றவள், கொஞ்சம் கழித்து, “நல்லா வாசிக்கிறாரு, இல்ல?” என்றாள்.

விமர்சனம் ஒரு வரி மாறாமல் வெளிவந்தது.

சில நாள் கழித்து மருத்துவமனைக்கு அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். கன்னம் வீங்கிய ஒருவர் டோக்கனைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். உள்ளே டிரில் ஓடியது. அந்த நேரம் பார்த்து ஆசிரியர் கூப்பிட்டார். சத்தத்தில் கேட்கவில்லை என்று சித்தி ஸ்பீக்கரில் போட்டாள்.

“மேடம், அந்த சாக்ஸ் ஆர்ட்டிஸ்ட் போன் பண்ணினாரு! அசந்துட்டாராம். ‘எனக்குக் கதவைத் திறந்து வெச்சு வாசிக்கக் கத்துக்கொடுத்ததே பக்கத்து ரூம்ல இருக்கறவங்கதான், இது எப்படி இவருக்குத் தெரிஞ்சுது’ன்னு கேட்டாரு. யாரு எழுதினதுன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. சொல்லட்டுமா?”

டிரில் நின்றது. சித்தி ஸ்பீக்கரை அணைத்துப் போனைக் காதில் வைத்தாள்.

“வேண்டாம் சார். வெயிட்டிங் ரூம்னே இருக்கட்டும்.”

போனை வைத்துவிட்டு, “அடுத்தது நீங்கதான், உள்ள போங்க” என்று வீங்கிய கன்னக்காரரிடம் சொன்னாள். குரல் பிசகவில்லை. அவரோ போகாமல் அவள் முகத்தையே பார்த்தார். “உங்களுக்கு ரொம்ப வலிக்குதாம்மா?” என்று கேட்டார்.

அடுத்த ஞாயிறு நான் போனபோது அலமாரி திறந்து கிடந்தது. கம்பளிகளைத் துவைத்து மொட்டைமாடிக்குக் கொண்டுபோயிருந்தாள். தண்ணீர் குடித்து அவை அவ்வளவு கனத்தன. ஒரு முனையை நான் பிடிக்க, மறுமுனையை அவள் பிழிந்தாள்.

“இனிமே இதுக்குள்ள மூச்சு முட்டி வாசிக்க வேண்டியதில்ல அவரு, பாவம்” என்றாள். அப்படியே ஈரக் கம்பளியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சத்தம் வெளியே அதிகம் வரவில்லை.

இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். “பேரு போடாம எழுதிக்கோ. அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தா சேரட்டும்” என்றாள்.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். வாத்தியம் வாசிக்கிற யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் இதை அவர்களிடம் கொடுங்கள்; அவர்கள் இன்னொருவரிடம் கொடுக்கட்டும். அலமாரிக்குள் தலையை விட்டு வாசித்த ஒருவரின் கைக்கு என்றாவது இது வந்து சேரும். அவர் திரும்பி வர வேண்டாம். எழுதியது யார் என்று கேட்டாரே, அது தெரிந்தால் போதும்.